ஒரு பெட்டியை நம்பலாமா? குடும்பப் படங்களைக் காப்பாற்ற மூன்று நகல்!

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொம்மை. முதலில் அதன் தொப்பி மறைகிறது. பிறகு அதன் காலணி மறைகிறது. கடைசியில் பொம்மையே மறைந்து போகிறது!

இது மந்திர வித்தை அல்ல. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 'பிக்சார்' படக் கம்பெனியில் உண்மையாக நடந்த சம்பவம்.

அங்கே 'டாய் ஸ்டோரி-2' என்ற பொம்மைப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை வைத்திருந்த கம்ப்யூட்டருக்கு, "இங்கே இருப்பதை எல்லாம் அழித்துவிடு" என்ற கட்டளை தவறுதலாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியுமா? சொன்னதைச் செய்தது. மின்சாரத் தொடர்பைத் துண்டிக்கும்படி ஊழியர்கள் அலறினார்கள். அதற்குள் படத்தில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது!

"கவலை வேண்டாம், பேக்கப் இருக்கிறது" என்று எடுத்துப் பார்த்தார்கள். அந்த பேக்கப் சரியாகப் பதிவாகவே இல்லை! யாரும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியவர் ஒரு தாய். கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப அதிகாரி, குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்தார். வாரம் ஒரு முறை படம் முழுவதும் தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தானாகவே நகலாகும்படி ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிக் காரில் வைத்து, பச்சைக் குழந்தையைப் போலக் கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது. 1999-இல் வெளியாகி வெற்றி பெற்றது.

நம் வீட்டுக்கும் இதே கதைதான்

"சினிமாக் கம்பெனிக்குத்தானே இந்தக் கவலை?" என்று கேட்கலாம். இல்லை.

கல்யாண ஆல்பம் முன்பெல்லாம் பீரோவில் இருந்தது. இன்று செல்போனில் இருக்கிறது. குழந்தை முதல் அடி எடுத்து வைத்த வீடியோ, காலமான தாத்தாவின் குரல், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாமே அதில்தான். செல்போன் நிறைந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காகப் பலர் வீட்டில் 'நாஸ்' என்ற பெட்டியை வாங்கி வைக்கிறார்கள்.

நாஸ் என்பது 'நெட்வொர்க் அட்டாச்ட் ஸ்டோரேஜ்' என்பதன் சுருக்கம். ஒரு சிறு பெட்டி. உள்ளே ஒன்றோ, இரண்டோ, நான்கோ ஹார்ட் டிஸ்க்குகள். வைஃபை தரும் ரூட்டருடன் அதை ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லோருடைய செல்போனும் கம்ப்யூட்டரும் அதில் படங்களைச் சேமிக்கலாம். வீட்டுக்குப் பொதுவான பீரோ போல!

பீரோ வாங்கியதும் நிம்மதி வருகிறது. அங்கேதான் அபாயமும் இருக்கிறது.

இரண்டு டிஸ்க் இருந்தால் போதாதா?

கடைக்காரர் சொல்வார்: "இதில் இரண்டு டிஸ்க் இருக்கிறது. ஒன்று கெட்டாலும் மற்றொன்றில் எல்லாம் பத்திரமாக இருக்கும்." உண்மைதான். இந்த முறைக்கு 'ரெய்டு' என்று பெயர்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு குமாஸ்தா ஒரே கணக்கை ஒரே நேரத்தில் இரண்டு பேரேடுகளில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேரேட்டைக் கறையான் அரித்தால் மற்றொன்று உதவும். ஆனால் குமாஸ்தாவே கணக்கைத் தவறாக அடித்துவிட்டால்? இரண்டிலும் அடித்துவிடுவார்! ரெய்டும் அப்படித்தான். நீங்கள் ஒரு படத்தை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அது அதே நொடியில் அழியும். பெட்டி திருடு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே ரெய்டு வேறு, பேக்கப் வேறு.

கண்ணுக்குத் தெரியாத திருடர்கள்

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பல நாடுகளில் ஓர் அதிர்ச்சி. 'வெஸ்டர்ன் டிஜிட்டல்' கம்பெனியின் 'மை புக் லைவ்' என்ற பழைய பெட்டியை வைத்திருந்த பலர், காலையில் எழுந்து பார்த்தபோது அது காலியாக இருந்தது! 2015-ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெட்டியின் மென்பொருள் புதுப்பிக்கப்படவில்லை. அதில் இருந்த ஓட்டை வழியாக, இண்டர்நெட் மூலம் எங்கிருந்தோ நுழைந்தவர்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் மாதம் வேறொரு கொள்ளை நடந்தது. 'க்யூநாப்' கம்பெனிப் பெட்டிகளில் 'க்யூலாக்கர்' என்ற வைரஸ் புகுந்தது. அது படங்களை அழிக்கவில்லை. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு, "பணம் கொடுத்தால் சாவி தருகிறோம்" என்றது!

தீயும் தண்ணீரும் வேறு இருக்கின்றன. 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 'ஓ.வி.எச்.' கம்பெனியின் கம்ப்யூட்டர் நிலையம் தீப்பிடித்தது. அசலையும் நகலையும் அந்த ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் சிலர் இரண்டையும் இழந்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். பெட்டியும் அதன் அருகில் இருந்த நகலும் ஒரே தண்ணீரில்தானே நனைந்திருக்கும்?

3-2-1: மறக்க முடியாத கணக்கு

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. பீட்டர் கிரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் அதைப் பரப்பினார்.

மொத்தம் 3 பிரதிகள் வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் 1 பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்!

எப்படிச் செய்வது?

முதலில், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். சினிமாப் படங்களை மறுபடி வாங்கலாம். கல்யாணப் படத்தை வாங்க முடியாது. குடும்பப் படங்கள், பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தனி போல்டரில் சேருங்கள்.

இரண்டாவது, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, பெட்டியின் யு.எஸ்.பி. துளையில் செருகுங்கள். காப்பாற்ற வேண்டியதைப் போல இரண்டு மடங்கு இடம் அதில் இருப்பது நல்லது.

மூன்றாவது, பெட்டியுடன் வரும் பேக்கப் வசதியைத் திறங்கள். 'சைனாலஜி' பெட்டியில் அதன் பெயர் 'ஹைப்பர் பேக்கப்'. 'க்யூநாப்' பெட்டியில் 'ஹைப்ரிட் பேக்கப் சிங்க்'. எந்த போல்டர், எந்த டிஸ்க்குக்கு, எத்தனை மணிக்கு என்று அது கேட்கும். இரவு 2 மணி என்று வைத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

நான்காவது, பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும்படி சொல்லுங்கள். இது மிக முக்கியம். நேற்றைய நகல் மட்டும் இருந்தால், வைரஸ் பூட்டிய படத்தின் நகல்தான் அதில் இருக்கும். கடைசி 7 நாள், 4 வாரம், 12 மாதம் என்று வைத்துக்கொண்டால், கெடுதல் நடப்பதற்கு முன்பிருந்த படத்தை எடுத்துவிடலாம்.

ஐந்தாவது, வேறு இடத்துக்கு ஒரு நகல். இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். மாதம் ஒரு முறை போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். உறவும் வளரும், படமும் பிழைக்கும்! கம்பியில் இணைக்காமல் அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது.

மாதக் கட்டணம் கட்டி இண்டர்நெட்டில் இடம் பிடிப்பதும் ஒரு வழி. ஆனால் முதல் முறை பொறுமை வேண்டும். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட் அனுப்ப நாலரை நாளுக்கு மேல் ஆகும். அதன்பிறகு புதிதாகச் சேர்ந்தவை மட்டுமே போகும்.

வெளியே போகும் நகலுக்கு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவது அவசியம். அந்த பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரத்துடன் வையுங்கள். அது தொலைந்தால் உங்களாலும் திறக்க முடியாது! குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

வாசற்கதவைச் சாத்துங்கள்

பெட்டியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். 'அட்மின்' என்ற பெயரிலேயே நுழைவதை நிறுத்தி, வேறு பெயர் வையுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்றால், இண்டர்நெட் வழியாக நுழையும் வசதியை அணைத்துவிடுங்கள்.

சோதிக்காத பேக்கப் பேக்கப் அல்ல

பிக்சார் கம்பெனியின் பேக்கப் ஏன் கைவிட்டது? யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்தத் தவறு நமக்கு வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நகலிலிருந்து ஒரு போல்டரை எடுத்துத் தனி இடத்தில் வையுங்கள். அசலின் மேலேயே வைக்க வேண்டாம். பிறகு நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். முகம் தெளிவாகத் தெரிகிறதா? வீடியோ ஓடுகிறதா? அப்படியானால் உங்கள் பேக்கப் நல்ல பேக்கப். பேக்கப் நின்றுவிட்டால் இ-மெயில் அனுப்பும் வசதியும் பெட்டியில் உண்டு. அதையும் போட்டு வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க் என்றாவது ஒரு நாள் கெட்டே தீரும். எந்த நாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தாத்தாவின் குரலை நாளைக்குப் பேரன் கேட்க வேண்டாமா?