சாயும் சரத்தின் கணக்கு

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று வீசும் நாளில் உயர் அழுத்தக் கோபுரம் ஒன்றை அண்ணாந்து பாருங்கள். கம்பியைத் தாங்கித் தொங்கும் இன்சுலேட்டர் சரம், அந்தப் பீங்கான் தட்டுகளின் கோவை, நேராக நிற்காது. ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எவ்வளவு சாயும் என்பதைக் கோபுரம் நடுவதற்கு முன்பே கணக்கிட்டாக வேண்டும். கணக்கு பிசகினால் கம்பி இரும்பை நெருங்கி, இடையிலுள்ள காற்றைப் பிளந்துகொண்டு மின்சாரம் பாய்ந்துவிடும்.

கிணற்றில் இறங்கும் வெறும் வாளியை லேசான காற்றும் அலைக்கழிக்கும். நிறைவாளி அவ்வளவு அசையாது. சரமும் அப்படித்தான். காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது, எடை கீழே இழுக்கிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சாய்கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும்.

110 கிலோவோல்ட் வழித்தடங்களில் ஓடும் 'பேந்தர்' கம்பியை எடுத்துக்கொள்வோம். தடிமன் 21 மில்லிமீட்டர். மீட்டருக்கு ஏறக்குறைய 970 கிராம். கோபுரங்களுக்கு இடையே 300 மீட்டர் என்றால், இருபுறமும் பாதிப் பாதியாக 300 மீட்டர் கம்பி ஒரு சரத்தின் பொறுப்பு. எடை சுமார் 290 கிலோ. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ அழுத்தும். கம்பி காற்றுக்குக் காட்டும் பரப்பு 6.3 சதுர மீட்டர். தள்ளுவிசை 296 கிலோ. இரண்டும் கிட்டத்தட்ட சமம், ஆகவே சாய்வு 45 பாகை! மேல்முனையில் கட்டுண்டிருப்பதால் சரத்தின் சொந்த எடையிலும், அதன்மேல் படும் காற்றிலும் பாதியைச் சேர்த்தால் போதும். பாதை திரும்பும் இடமானால் கம்பியின் இழுவையும் பக்கவாட்டு விசையோடு சேரும்.

உண்மையான சிக்கல் பள்ளத்தில் நிற்கும் கோபுரத்தில்தான். காற்றுக்கு அங்கும் அதே 300 மீட்டர். ஆனால் எடையை அளப்பது கம்பி மிகத் தாழும் புள்ளிகளுக்கு இடைப்பட்ட நீளத்தை வைத்து. இருபுறமும் மேடாக இருந்தால் அந்தப் புள்ளிகள் கோபுரத்தை நெருங்கிவிடும். எடை பாதியானால், அதே காற்றில் சாய்வு 64 பாகையைத் தொடும். காற்றை மட்டும் கவனித்துத் தரையின் மேடுபள்ளத்தை மறப்பவர் தவறுவது இங்கேதான் என்பேன்.

அதனால் அத்தகைய கோபுரங்களில், வெறும் வாளியில் நீர் நிரப்புவதுபோல, சரத்தின் அடியில் இரும்பு எடைகளைத் தொங்கவிடுவதுண்டு. அதுவும் போதாதபோது, இரண்டு சரங்களை ஆங்கில 'வி' எழுத்தைப்போல் விரித்துக் கட்டி, கம்பியை நடுவில் பிடித்து நிறுத்துகிறார்கள்.