கொண்டை கிழிந்த சேவல்... அறுப்பதா, ஆற்றுவதா?

“எங்கள் வீட்டில் 6 நாட்டுக்கோழிகளும் 2 சேவல்களும் இருக்கின்றன. நானும் வீட்டுக்காரரும் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறோம். காலையில் பஸ் ஏறும் முன்பு கூண்டைச் சாத்தினால், சாயங்காலம் வந்துதான் திறப்போம். போன வாரம் வந்து பார்த்தால், பெரிய சேவலின் கொண்டை கிழிந்து தொங்குகிறது. கூண்டெல்லாம் ரத்தம். மாமியார் மூக்குப்பொடி வைத்து அப்பச் சொல்கிறார். வீட்டுக்காரர், ‘இது தேறாது, ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிடலாம்’ என்கிறார். என் மகள் குஞ்சிலிருந்து வளர்த்த சேவல் அது. காப்பாற்ற முடியுமா?”

- தளி அருகே ஒரு கிராமத்திலிருந்து வாசகி.

காப்பாற்றலாம். கடிதம் கிடைத்த அன்றே போனில் இதைச் சொல்லிவிட்டோம். இதழ் வெளிவரும்வரை அந்தச் சேவல் காத்திருக்காது அல்லவா! ஆனால், இதே கேள்வி புறக்கடைக் கோழி வளர்க்கும் எல்லா வீடுகளிலும் ஒருநாள் எழும் என்பதால், விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், ரத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொண்டை முழுக்க நுண்ணிய ரத்தக்குழாய்கள். அதனால்தான் அது சிவப்பாக இருக்கிறது. சின்னக் கீறல் விழுந்தாலும் குபுகுபுவென்று ரத்தம் வரும். கோழி தலையை உதறினால் சுவர்வரை தெறிக்கும். 2 கிலோ எடையுள்ள சேவலின் உடம்பில் சுமார் 120 முதல் 160 மில்லி ரத்தம் இருக்கும். அதில் 10 மில்லி, அதாவது 2 டீஸ்பூன் ரத்தம், இறகிலும் தரையிலும் பரவினாலே ஏதோ கொலை நடந்த இடம்போலத் தெரியும். சேவலுக்கு அது தாங்கக்கூடிய இழப்புதான். நின்றுகொண்டிருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, அருகே போனால் விலகி ஓடுகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அது பிழைக்கும்.

கோழியைப் பிடிப்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பகலில் துரத்திப் பிடித்தால் ரத்தம் இன்னும் வேகமாக ஓடும். இருட்டிய பிறகு, அடைந்திருக்கும்போது எடுங்கள். ரத்தம் நிற்காமல் கொட்டினால் மட்டும் உடனே பிடிக்க வேண்டியதுதான். பழைய துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, கண்ணை லேசாக மறைத்துவிட்டால் அடங்கிவிடும். மார்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. மார்பு எலும்பு ஏறி இறங்கினால்தான் அதற்கு மூச்சு.

சுத்தமான பருத்தித் துணியை மடித்து, காயத்தின்மேல் வைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் ‘நின்றுவிட்டதா’ என்று எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடியும் தொடங்கும். பிறகும் கசிந்தால், சோள மாவையோ புதிதாகப் பிரித்த மஞ்சள்தூளையோ வைத்து மறுபடி அழுத்தலாம்.

ரத்தம் நின்ற பிறகுதான் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு போட்டு ஆறவிடுங்கள். அதில் துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு மண், எச்சம், ஒட்டிய இறகு ஆகியவற்றை அகற்றுங்கள். உறைந்த ரத்தத்தைச் சுரண்ட வேண்டாம். அடுத்து, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலை 10 மடங்கு தண்ணீரில் கலந்து, பால் சேர்க்காத டிகிரி குறைந்த டீ நிறத்துக்குக் கொண்டுவந்து, பஞ்சில் தொட்டு வையுங்கள். கண்ணுக்குள் போகக் கூடாது. காலை, மாலை இரு வேளை, 4 அல்லது 5 நாள் போதும். வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு முன்பும், திரும்பி வந்த பிறகும் செய்துவிடலாம்.

மாமியார் சொன்ன மூக்குப்பொடிக்கு வருவோம். பெரியவர்கள் சொன்னதை எல்லாம் தள்ளிவிடுகிற பழக்கம் இந்தப் பக்கத்துக்கு இல்லை. ஆனால், மூக்குப்பொடி புகையிலை. அதிலுள்ள நிகோட்டின் பச்சைக் காயம் வழியாக நேராக ரத்தத்தில் ஏறும். மாட்டுக்கு ஒருவேளை ஒன்றும் செய்யாமல் போகலாம். 2 கிலோ கோழிக்கு அது விஷம். மண்ணெண்ணெய், வண்டி ஆயில், சுண்ணாம்பு இவையும் வேண்டாம். சுண்ணாம்பு சதையை அரிக்கும். கொண்டையிலிருந்து கண் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சாம்பலும் சாணமும் கிருமிக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பதுதான்.

மாமியார் மனம் கோணாமல் இருக்க ஒரு வழி உண்டு. கோமாரியில் மாட்டுக் கால்புண்ணுக்குக் காய்ச்சும் மூலிகை எண்ணெய் உங்களில் பலருக்குத் தெரியும். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, கால் லிட்டர் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஆறவைப்பது. ஒரு சேவலுக்காக இதைக் காய்ச்சச் சொல்லவில்லை. மாட்டுக்குக் காய்ச்சியது வீட்டில் இருந்தால், மூன்றாம் நாள் காயம் பொருக்குத் தட்டிய பிறகு கோழி இறகால் தொட்டு மெல்லிசாகத் தடவலாம். பொருக்கு இளகும், ஈயும் அண்டாது. ரத்தம் கசிகிற காயத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம்.

வீட்டு அலமாரியில் கிடக்கும் மனித மருந்துகள் இன்னொரு தொல்லை. மரத்துப்போகச் செய்யும் ஆயின்மென்ட், படர்தாமரைக்கு வாங்கிய ஸ்டீராய்டு கிரீம், வலி மாத்திரை எதுவும் கூடாது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளையே கூட்டம் கூட்டமாக அழித்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்யவேண்டி வந்தது. பறவைகளின் சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்காது. ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். காயம் சீழ்பிடித்து அந்த மருந்து தேவைப்பட்டால், கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும். அப்போது, ‘எத்தனை நாள் முட்டையும் கறியும் தின்னக் கூடாது?’ என்று மறக்காமல் கேளுங்கள்.

தொங்கும் துண்டை என்ன செய்வது? சின்ன நுனியாக இருந்தால் விட்டுவிடுங்கள். அது கறுத்து, காய்ந்து, தானாக விழும். நீங்கள் கத்தரிக்கோலை எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து ரத்தம்தான். கொண்டையில் பாதிக்குமேல் தொங்கினாலோ, அடியில் மண்டைத் தோல் திறந்து தெரிந்தாலோ, கண் வீங்கினாலோ, பூனை அல்லது கீரி கடித்த காயமாக இருந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். 1962 என்ற எண்ணுக்கும் அழைத்துக் கேட்கலாம். பூனையின் பல் ஊசிபோல இறங்கும். மேலே சிறு புள்ளி தெரியும், உள்ளே சீழ் கட்டும்.

ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் அதுவும் அவசரம்தான். முனை மழுங்கிய இடுக்கியால் கண்ணில் படும் புழுக்களை எடுத்து, உப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். புண்ணில் புழு வந்தால் சீத்தாப்பழ இலையை அரைத்து வைப்பது பழைய முறை. காலில், முதுகில் வைக்கலாம். கொண்டையில் வேண்டாம், வழிந்து கண்ணில் இறங்கும்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கொண்டை கறுத்த எல்லாக் கோழிக்கும் அடிபட்டிருக்காது.

தளியைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று சொல்வார்கள். மார்கழிக் குளிரில் கொண்டை நுனி கறுத்தால், ‘பனியில் கருகிவிட்டது’ என்று முடிவுகட்டி வாசலின் தடவுகிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்த வைத்தியம் அது. அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, கொண்டையில் ரத்தம் உறைந்து சதை சாகும். தளிக் குளிர் நம்மை நடுக்கும். கொண்டையைக் கருக்கும் அளவுக்குப் போகாது. நம் ஊரில் கொண்டை முழுவதும் ஊதாவாக மாறி, கோழி சுருண்டு உட்கார்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால், அது வெள்ளைக்கழிச்சல்போன்ற தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரே நாளில் பல கோழிகள் செத்தால், செத்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். தகவல் கொடுங்கள், அவர்கள் வருவார்கள்.

அடுத்தது அம்மை. காயத்துக்கும் அம்மைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அம்மைக் கிருமி முழுத் தோலைத் துளைத்து நுழையாது. கொசுக்கடி, கீறல், கொத்துக்காயம் வழியாகத்தான் நுழையும். நுழைந்து 4 முதல் 10 நாளில் கொண்டை, தாடி, கண் ஓரங்களில் மரு மருவாகக் கொப்புளம் எழுந்து பொருக்குத் தட்டும். ‘போன வாரம் கொத்திய காயம் பரவுகிறது’ என்று நினைப்பீர்கள். அது பரவிய காயம் இல்லை. அந்த வாசல் வழியாக உள்ளே வந்த அம்மை. அந்தப் பொருக்கைப் பிய்க்கக் கூடாது. உதிர்ந்த பொருக்கைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். அதிலும் கிருமி உயிரோடு இருக்கும். குஞ்சுகளுக்கு 6 வாரத்துக்குமேல் அம்மைத் தடுப்பூசி போட்டுவிட்டால் இந்தக் கவலை குறையும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை அரசு முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். ஓசூர் மத்திகிரியில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியே இருக்கிறது. கோழிக்கென்றே தனிக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

இப்போது உங்கள் கூண்டுக்கு வருவோம். அங்கேதான் நோயின் வேர் இருக்கிறது.

6 கோழிக்கு 2 சேவல் என்பது அதிகம். 8 முதல் 10 கோழிகளுக்கு ஒரு சேவலே போதும். வெளியே மேயும்போது தோற்ற சேவல் வேலியோரம் ஓடித் தப்பித்துக்கொள்ளும். நீங்கள் காலையில் கதவைச் சாத்திவிட்டால் அதற்கு ஓட இடமில்லை. கொண்டை வெறும் அழகுக்காக இல்லை, சேவல்களுக்குள் ‘நான்தான் பெரியவன்’ என்று காட்டும் கொடி. ஆண் ஹார்மோன் ஏற ஏறத்தான் அது வளரும். 1849-ல் ஜெர்மனியில் பெர்த்தோல்ட் என்பவர், இளம் சேவல்களின் விதையை எடுத்ததும் கொண்டை சுருங்குவதையும், திரும்ப உடம்புக்குள் வைத்ததும் வளர்வதையும் செய்து காட்டினார். ஹார்மோன் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியதே சேவல் கொண்டையில்தான். ஆகவே எதிரி குறிவைத்துக் கொத்துவதும் அதைத்தான். ஒருமுறை ரத்தம் வந்துவிட்டால் கோழிகளும் சேர்ந்துகொள்ளும். சிவப்பைக் கண்டால் கொத்துவது அவற்றின் சுபாவம்.

அதனால் அடிபட்ட சேவலைப் பிரிக்காமல் எந்த மருந்தும் பலிக்காது. பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்து, மற்றவை கண்ணில் படும் இடத்திலேயே நிழலில் வையுங்கள். முழுவதும் மறைத்துவிட்டால், திரும்பி வரும்போது அந்நியன் என்று மறுபடியும் அடிக்கும். தண்ணீரும் தீனியும் அதற்குத் தனியாக இருக்கட்டும். வெறும் ராகியும் நொய்யும் போட்டால் காயம் மெதுவாகத்தான் ஆறும். கரையான், அசோலா, வேகவைத்த முட்டை, முருங்கைக்கீரை எது கைக்குக் கிடைக்கிறதோ அதைச் சேருங்கள். புரதம் போதாத கூட்டத்தில் கொத்தும் பழக்கமும் அதிகம். அடைத்தே வைக்க வேண்டிய நாட்களில், ஒரு கீரைக்கட்டைக் கோழி எக்கிக் கொத்தும் உயரத்தில் கூண்டுக்குள் தொங்கவிடுங்கள். பொழுது அதில் போய்விடும்.

கூண்டின் கம்பியையும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். தளிப் பக்கம் ரோஜா, ஜெர்பரா போடும் பசுமைக்குடில்களில் மிஞ்சிய கம்பியையும் வலையையும் கொண்டுவந்து கூண்டு கட்டுவது வழக்கம். செலவில்லாத நல்ல யோசனைதான். ஆனால், வெட்டிய கம்பி முனை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், தீனிக்குத் தலையை நீட்டி இழுக்கும்போது கொண்டையைக் கிழித்துவிடும். சேவல் சண்டை என்று நாம் நினைக்கும் காயங்களில் சில, கம்பி செய்த வேலை. முனைகளை வெளிப்பக்கம் மடித்து, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுங்கள்.

‘கொண்டையை முழுசாக அறுத்துவிட்டால் இனிமேல் தொல்லை இல்லையே’ என்று யாராவது சொல்வார்கள். சண்டைக்கு விடுகிறவர்கள் செய்யும் வேலை அது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன்படி சேவல்களை மோதவிடுவதே குற்றம். அது ஒருபுறம் இருக்கட்டும். கோழிக்கு வியர்க்காது. சித்திரை வெயிலில் உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் வழிகளில் கொண்டையும் ஒன்று.

சேவலுக்கு 2 வாரத்தில் காயம் ஆறிவிடும். இழந்த நுனி திரும்ப முளைக்காது. கொண்டை கொஞ்சம் கோணலாகவே நிற்கும். அதனால் இனவிருத்திக்குக் குறை ஒன்றும் இல்லை. பொருக்கு எல்லாம் உதிர்ந்து, சிவப்புத் தெரியாத பிறகு, சாயங்காலம் அடையும் நேரத்தில் கூண்டில் விடுங்கள். மறுநாள் விடுமுறை நாளாக இருந்தால் நல்லது. காலையில் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. இரண்டில் ஒரு சேவல்தான் அந்த வீட்டில் இருக்க முடியும். எதை வைத்துக்கொள்வது என்பதை உங்கள் மகளிடம் கேட்டுவிட்டு, மற்றதை, சேவல் இல்லாமல் கோழி மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு விடைக்கோழி வாங்கிக்கொள்ளுங்கள்.