160 ஆண்டு மண்வீடு சொல்லும் பாடம்

உங்கள் தோட்டத்தில் பாட்டன் காலத்து மண்சுவர் வீடு பூட்டிக் கிடக்கிறதா? இடிக்க ஆள் பேசுவதற்கு முன், கலிஃபோர்னியாவின் ஒரு காய்கறி விவசாயக் குடும்பம் செய்ததைக் கேளுங்கள்.

அம்மாநிலத்தின் சான் லூயிஸ் ஒபிஸ்போ மாவட்டத்தில், பசிபிக் கடலுக்கு அருகே உள்ளது அரோயோ கிராண்டி பள்ளத்தாக்கு. அங்கு டேலி குடும்பத்தினர் 1948 முதல் காய்கறி பயிரிடுகின்றனர். காய்கறி வயல்களுக்கு மேலே இருந்த சரிவில் 1982-ல் சோதனையாகத் திராட்சை நட்டனர். கடலோரக் குளிர்ச்சியில் பினோ நுவார், ஷார்டொனே ரகங்கள் நன்கு வந்தன. 1986-ல் சொந்த ஒயின் தயாரானது.

வாங்க வருபவர் முதலில் சுவைத்துப் பார்க்க விரும்புவார். அதற்குச் சுவைக்கூடம் வேண்டும். தோட்டத்திலேயே விற்றால் இடைத்தரகருக்குப் போகும் பங்கு விவசாயிக்கே நிற்கும். டேலி குடும்பம், 1863-ல் கட்டப்பட்ட ‘ரின்கான் அடோபி’ என்ற மண்வீட்டைச் செப்பனிட்டுச் சுவைக்கூடமாக்கியது. பின்னர் புதிய கூடம் கட்டிய பிறகும், ஒயின் புட்டியின் லேபிளில் இந்த வீட்டின் படம்தான்.

எதிரி தண்ணீர்தான்

அடோபி என்பது சூளையில் சுடாத பச்சைச் செங்கல். களிமண், மணல், வைக்கோல் கலந்து பிசைந்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைப்பது. தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். அதனால் உள்ளே வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காது.

தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறுவது இயல்பு. மண்பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ இருந்தால் அது ஆவியாகி வெளியேறும். சிமென்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும். வெளியே பளபளப்பு, உள்ளே சேறு. எங்கள் வீட்டு விதை அறைக்கும் உறுதியாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசினோம். சில மழைக்காலம் கழித்து ஒரு பக்கச் சுவர் அப்படியே சரிந்தது. மண் படித்த நானே அன்று யோசிக்கவில்லை.

அமெரிக்க தேசியப் பூங்காத் துறை 1978-ல் வெளியிட்ட அடோபி பாதுகாப்பு வழிகாட்டியும் சிமென்ட் பூச்சை எச்சரிக்கிறது.

செய்ய வேண்டியவை

* முதலில் கூரை ஒழுக்கை அடையுங்கள். சுவரடியில் நீர் தேங்காதபடி தரையை வெளிப்பக்கம் சரிவாக்குங்கள். சுவரை ஒட்டிச் செடி வைத்துப் பாய்ச்சாதீர்கள்.
* சிமென்ட் பூச்சை ஒரே நாளில் முழுவதும் உரிக்காதீர்கள். முட்டுக் கொடுத்து, பகுதி பகுதியாக எடுத்து, சுவரை உலரவிடுங்கள்.
* அரித்த இடத்தில் பழைய சுவரின் மண்ணுக்கு ஒத்த மண்ணில் அறுத்த கல்லையே வைத்து, மண்சாந்தால் கட்டுங்கள்.
* மேலே மண் அல்லது சுண்ணாம்புப் பூச்சு போதும். தேயத் தேயப் புதுப்பியுங்கள்.
* வெளியாட்களை உள்ளே விடும் முன் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

மழைக்கு முன் ஒருநாள் சுவரடியை விரலால் தட்டிப் பாருங்கள். பூச்சு பொள்ளென்று ஒலித்தால், பின்னால் மண் விட்டுப்போயிருக்கிறது. வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.