படலையைத் தட்டும் சாரணப் பிள்ளைகள்

“ஏதாவது வேலை இருந்தாத் தாங்க, செய்து தாறம்.” சாரணர் வேலை வாரம் வந்தால், இலங்கையின் எந்த ஊரிலும் சீருடையும் ஸ்காஃபும் அணிந்த பிள்ளைகள் படலையில் நின்று இப்படித்தான் கேட்க வேண்டும். முற்றம் கூட்டலாம், பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றலாம், சைக்கிள் கழுவலாம். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் விரும்பியதைக் கொடுப்பார். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நிதி சேகரிப்பு இல்லை என்பது என் எண்ணம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்து வாழும் ஊர் அது. உழைத்து வாங்கும் காசின் அருமையை அங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வழக்கம் 1949 இல் பிரித்தானியாவில் தொடங்கியது. ஒரு வேலைக்கு ஒரு ஷில்லிங் என்பது கணக்கு. பேச்சுவழக்கில் ஷில்லிங்கை ‘பாப்’ என்பார்கள். அதனால் ‘பாப் எ ஜாப்’ என்று பெயர் வந்தது. அதற்கு வெகு முன்பே, சாரணியத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், பிள்ளைகள் பணத்தை இரந்து பெறக்கூடாது, உழைத்தே சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். பிள்ளைகளின் பாதுகாப்பையும் வழக்குகளையும் எண்ணிப் பயந்து 1990களில் பிரித்தானியர் அதைக் கைவிட்டார்கள். 2012 இல் வேறு பெயரில், வேறு வடிவில் மீட்டெடுத்தார்கள். இலங்கையிலோ வேலை வாரம் வழக்கத்தில் நிலைத்துவிட்டது. இங்கே சாரணர் இயக்கத்தை 1912 இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் தொடக்கிவைத்தார். நூறாண்டு கடந்தும் பிள்ளைகள் படலைக்கு வருகிறார்கள்.

சாரணர் குழுவுக்குச் செலவு உண்டு. கூடாரம், கயிறு, சீருடை, பாசறைக்குப் போகும் பஸ் கூலி. 2024 பெப்ரவரியில் 10ஆவது தேசிய ஜம்போரி திருகோணமலையிலேயே நடந்தது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் அடுத்தது எங்கே நடந்தாலும் அங்கே போய்ச்சேரக் காசு வேண்டும். சிறுபோகம் பிழைத்துப்போன ஆண்டில் அந்தக் காசை அப்பாவிடம் கேட்க எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது.

தம்பலகாமத்தைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1998 பெப்ரவரி 1ஆம் திகதி இந்த ஊரில் தமிழர் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். சீருடை அணிந்தவர் படலைக்கு வந்தால் நெஞ்சு பதறிய காலம் அது. பிள்ளையை அடுத்த தெருவுக்கு அனுப்பவே தாய்மார் யோசித்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இந்தப் பிரதேசத்தில், ஒரு பிள்ளை தனக்குப் பழக்கமில்லாத வீட்டுக்குப் போய் முற்றம் கூட்டித்தரட்டுமா என்று கேட்பது சின்ன விஷயமே அல்ல. சேரும் காசைவிட அந்தக் கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் நம்மில் பலர் செய்வது வேறு. “பாவம் பிள்ளைகள்” என்று நூறு ரூபாயைக் கையில் வைத்து அனுப்பிவிடுகிறோம். அது அன்புதான். என்றாலும் அந்த அன்பு பிள்ளையை உழைப்பாளி நிலையிலிருந்து இரப்பவன் நிலைக்கு இறக்கிவிடுகிறது. பணம் போதும், வேலை தேவையில்லை என்று அவனே பழகிவிட்டால், அடுத்த ஆண்டு, வேலையையும் தொகையையும் எழுதும் அட்டையை மட்டும் நீட்டுவான். வேலை கொடுங்கள். உண்மையாகவே செய்ய வேண்டியிருந்த வேலையைக் கொடுங்கள். அரைகுறையாகச் செய்தால் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

எந்த வேலை என்பதில் மட்டும் கவனம் வேண்டும். 2021 இல் இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. நெல் மூட்டை தூக்குவது, கிணற்றில் இறங்குவது, வயலுக்கு மருந்து அடிப்பது எல்லாம் பெரியவர் வேலை. பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல் இருவர் மூவராக அனுப்புவதும், எந்தத் தெருவில் நிற்கிறார்கள் என்று அறிந்திருப்பதும் பொறுப்பாசிரியரின் கடமை. குருளைச் சாரணர் என்றால் பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும். வேலை முடிந்ததும் செய்த வேலையையும் கொடுத்த தொகையையும் பிள்ளையின் கண்முன்னே அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.