ஆகாயவழியும் உழைப்புச் சரக்கும்: இலங்கை விமானச் சேவையின் பயணிகள், வருவாய், பங்காளிகள்

இலங்கையின் தேசிய விமானச் சேவை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் நட்டக் கணக்கிலே தொடங்கி நட்டக் கணக்கிலேயே முடிந்துவிடுவதைக் காண்கிறோம். ஊழல், திறமையற்ற நிருவாகம், அரசியல் நியமனம் எனக் காரணங்கள் கூறப்படுகின்றன. அவை யாவும் உண்மையே. ஆயினும், அச்சேவை யாரை ஏற்றிச்சென்று பணம் ஈட்டுகிறது, அப்பணம் எவ்வழியே எவரிடம் போய்ச் சேருகிறது என்னும் அடிப்படை வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், மத்திய கிழக்கு நாடுகளிலிருந்து வரும் பணத்தை நம்பி உலையேற்றும் குடும்பங்கள் பல. எனவே அவ்வினாக்களை இங்கிருந்து எழுப்புவது பொருத்தமென்று கருதுகிறேன்.

போக்குவரத்துத் தொழில் விற்கும் பண்டம் யாதெனின், இடப்பெயர்ச்சியே ஆகும். ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் இதனை விளக்கியுள்ளார். நெல்லைப் போலவோ துணியைப் போலவோ இதனைக் களஞ்சியத்திற் சேமித்துவைக்க இயலாது. உற்பத்தியாகும் கணத்திலேயே அது நுகரப்படுகிறது. ஆளில்லாத ஆசனத்துடன் விமானம் மேலெழுந்துவிட்டால் அந்த ஆசனத்தின் மதிப்பு அத்துடன் அழிந்துபோகிறது. எரிபொருட் செலவும் குத்தகைப் பணமும் விமானிகளின் சம்பளமும் ஆசனம் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் எந்த விமான நிறுவனத்துக்கும் முதற் கவலை ஆசனங்களை நிரப்புவதே. பிற நிறுவனங்களுடன் அது கொள்ளும் உறவுகள் யாவும் இக்கவலையிலிருந்தே பிறக்கின்றன.

ஆனால் விமானத்தைச் செலுத்துவதற்கு முதலீடு மட்டும் போதாது. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை, ஒவ்வொரு நாடும் தன் வான்பரப்பின்மீது முழு இறைமை உடையதென ஏற்றுக்கொண்டது. எனவே எந்த நாட்டு விமானம் எங்கிறங்கி எவரை ஏற்றலாம் என்பது அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களால் வரையறுக்கப்படுகிறது. இந்த உரிமைகளுக்குத் துறைசார்ந்தோர் ‘சுதந்திரங்கள்’ என்று பெயரிட்டுள்ளமை சற்று வேடிக்கையானது. புதிதாகக் குடியேற்றத் தளையிலிருந்து விடுபட்ட நாடொன்றிடம் விமானமும் இராது, பொறியியல் அனுபவமும் இராது. வழியுரிமை மட்டும் இருக்கும். நிலவுடைமையாளன் நிலத்தைக் காட்டி வாரம் பெறுவதுபோல, அந்நாடு தன் ஆகாயத்தைக் காட்டிப் பங்காளியைத் தேடும்.

எயார் சிலோனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு டக்கோட்டா ரக விமானத்தில் அதன் சேவை ஆரம்பமாயிற்று. தொலைதூரச் சேவை வேண்டுமென்றபோது, 1949இல் அவுஸ்திரேலிய நேசனல் எயர்வேஸ் நிறுவனம் 49 சதவீதப் பங்குடன் உள்ளே வந்தது. 1956இல் ஒல்லாந்தரின் கே.எல்.எம். வந்தது. 1960களில் பிரித்தானிய பி.ஓ.ஏ.சி.யும் 1970களின் முற்பகுதியில் பிரான்சிய யு.ரி.ஏ.யும் அடுத்தடுத்து வந்தன. பங்காளிகள் மாறினும் உறவின் பண்பு மாறவில்லை: பெரிய விமானமும் தொழினுட்பமும் அவர்களுடையவை, பெயரும் வழியுரிமையும் நம்முடையவை. அரசியல் சுதந்திரத்துக்கும் பொருளாதாரச் சார்புக்கும் இடையிலான முரண்பாட்டை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் துறைகள் சிலவே.

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுத்தப்பட்டபின் இரண்டு மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. 1979இல் எயார் சிலோனுக்குப் பதிலாக எயார் லங்கா தோன்றிற்று. அதற்கும் தொடக்கத்திற் கைகொடுத்தது சிங்கப்பூர் எயர்லைன்ஸ். மறுபுறம், எண்ணெய் விலையேற்றத்தாற் செல்வம் குவிந்த வளைகுடா நாடுகளுக்கு இலங்கையின் உழைப்புச் சக்தி பெருமளவில் ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. 1985ஆம் ஆண்டின் சட்டமொன்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவி இதனை அரச கொள்கையாக்கிற்று. முதலில் பெரும்பாலும் ஆண்கள் சென்றனர். பின்னர் வீட்டுப் பணிப்பெண்களே பெருந்தொகையினராயினர். கிழக்கில் போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2007ஆம் ஆண்டின் படுவான்கரை இடப்பெயர்வும் இப்போக்கை விரைவுபடுத்தின. அண்மைக் காலத்தில் நுண்கடனும் சேர்ந்துகொண்டது. தேயிலைக்கும் தைத்த ஆடைக்கும் நிகராக உழைப்பாளியே ஏற்றுமதிப் பண்டமான இச்சூழலில், அப்பண்டத்தை ஏற்றும் வாகனமாக அமைந்தது தேசிய விமானச் சேவை.

இங்கு மொழி வழக்கொன்றைக் குறிப்பிடலாம். யாழ்ப்பாணத்தில் ‘வெளிநாடு’ என்றவுடன் கனடாவும் லண்டனும் நினைவுக்கு வருகின்றன. மட்டக்களப்புக் கிராமமொன்றில் ஒரு பெண் ‘வெளிநாட்டுக்குப் போயிட்டா’ என்றால், சவூதியோ குவைத்தோ கட்டாரோ என்றுதான் அடுத்த கேள்வி எழும். ஒரே சொல்லுக்குள் இரு வர்க்க அனுபவங்கள் உறைந்துள்ளன. இலக்கிய மாணவர்கள் இத்தகைய சொற்களையும் சற்றுக் கவனிக்கலாம்.

இப்பெண் விமான நிறுவனத்தின் வாடிக்கையாளரா? கணக்கேட்டின்படி அவர் பயணி. ஆயின் வாங்குபவர் பெரும்பாலும் அவரல்லர். வேலைவாய்ப்பு முகவரோ வளைகுடாவிலுள்ள எசமானரோ பயணச்சீட்டைப் பெறுகிறார். எந்த நிறுவனம், எந்த நாள், எவ்வழி என்பவற்றை அவரே தீர்மானிக்கிறார். சீட்டின் விலையோ முகவர் கட்டணத்துள்ளும் ஒப்பந்தக் கால உழைப்புள்ளும் மறைந்துவிடுகிறது. ஆகவே நிறுவனம் விளம்பரத்தால் கவரவேண்டிய வாடிக்கையாளர் முகவரே. வணிக வகுப்புப் பயணிக்கு ஓய்வுக் கூடமும் பயணப் புள்ளிகளும் உள. ஆண்டு முழுவதும் ஆசனங்களை நிரப்பும் உழைப்பாளிக்கு அவை எட்டுவதில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து கொழும்பில் மாறி வளைகுடாவுக்குச் செல்லும் தமிழகத் தொழிலாளியின் நிலையும் இதுவே. அத்தகைய இடைமாற்றப் பயணிகளும் இச்சேவைக்கு முக்கிய ஊற்று. இவற்றுடன் சரக்கேற்றமும், கட்டுநாயக்கவில் பிற நிறுவனங்களின் விமானங்களுக்கு உணவு வழங்குதலும் தரைச்சேவை புரிதலும் வருவாயைத் தருகின்றன. விமானம் பறப்பதால் நட்டமும், பிறர் விமானத்துக்குச் சோறு சமைப்பதால் இலாபமும் வந்த ஆண்டுகள் உண்டு.

1998இல் டுபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் 7 கோடி அமெரிக்க டொலருக்கு 40 சதவீதப் பங்கையும் பத்தாண்டு நிருவாக உரிமையையும் பெற்றது. ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் என்னும் இன்றைய பெயர் அதனை அடுத்தே வந்தது. உழைப்பை வாங்கும் பிரதேசத்தின் மூலதனமே உழைப்பை ஏற்றிவரும் வாகனத்தையும் நிருவகிக்கும் நிலை இதனால் ஏற்பட்டது. அதே காலத்தில் எமிரேட்ஸ் தன் சொந்த விமானங்களையும் கொழும்புக்குச் செலுத்தியது. பங்காளியும் போட்டியாளரும் ஒருவரே. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 2001 யூலை 24இல் கட்டுநாயக்கத் தாக்குதலில் விமானங்கள் பல அழிந்த பின்னரும், அந்நிருவாகத்தின்கீழ் நிறுவனம் சில ஆண்டுகள் இலாபம் கண்டது. 2007 இறுதியில், சனாதிபதியின் குழுவினருக்காக லண்டனில் இடம் பதிவுசெய்திருந்த பயணிகளை இறக்கிவிட மறுத்ததைத் தொடர்ந்து, நிறைவேற்று அதிகாரியின் தொழில் அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. 2008இல் எமிரேட்ஸ் நிருவாகத்திலிருந்து விலகியது. 2010இல் அதன் 43.63 சதவீதப் பங்கை அரசு 5 கோடி 30 இலட்சம் டொலருக்கு மீள வாங்கியது.

2014 மே மாதம் ஸ்ரீலங்கன், ‘வன்வேர்ல்ட்’ கூட்டணியில் இணைந்தது. பிரிட்டிஷ் எயர்வேஸ், குவாண்டாஸ், கதே பசிபிக், கட்டார் எயர்வேஸ் முதலியன அதன் உறுப்பினர். இத்தகைய கூட்டணிகளின் உள்ளியக்கம் எளிது. ஒரு நிறுவனம் இயக்கும் விமானத்துக்கு மற்றொன்று தன் இலக்கத்தையும் இட்டுச் சீட்டு விற்கலாம். கட்டணம் பயணத்தின் பகுதிகளுக்கேற்பப் பிரிக்கப்படும். சிறிய நிறுவனம் தான் பறக்காத நகரங்களுக்கும் சீட்டு விற்க முடிகிறது. ஆயின் நீண்ட பகுதியைப் பறப்பவனுக்கே பெரும்பங்கு கிடைப்பது வழமை. டோகாவை மையமாக்கிக்கொண்ட கட்டார் நிறுவனத்துடன் ஒப்பிடுமிடத்து, கொழும்பு கிளைவாய்க்காலாகவே அமைகிறது. தனித்து நின்றால் ஆசனம் காலியாகும், சேர்ந்து நின்றால் வருவாய் கசியும் என்ற இக்கட்டு சார்பு மூலதனத்துக்கு இயல்பானதே.

நட்டக் கணக்கை இந்தப் பின்னணியில் வைத்தே நோக்கவேண்டும். 2008க்குப் பின் நட்டம் பெருகிற்று. ரூபா வீழ்ச்சியுற்ற 2021/22 நிதியாண்டில் அது 160 பில்லியன் ரூபாவைத் தாண்டிற்று. குத்தகையும் எரிபொருளும் கடனும் டொலரிலே கணக்கிடப்படுவதால் ரூபாவின் சரிவு நேரே நட்டமாகிறது. 2019இல் அரச உத்தரவாதத்துடன் விற்கப்பட்ட 17.5 கோடி டொலர் பிணைமுறி, 2024இல் முதிர்வடைந்தபோது திருப்பிச் செலுத்தப்படவில்லை. அரசு உத்தரவாதமளிக்கிறதென்றால் மறைமுக வரி செலுத்தும் மக்களே உத்தரவாதமளிக்கின்றனர் என்பது பொருள். 2014இல் வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பிய பணம் 700 கோடி டொலரை எட்டியது. அந்த டொலரே இந்நாட்டின் இறக்குமதிகளைத் தாங்கிற்று. நெருக்கடி முற்றிய 2022இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டு வெளியேறினர். ஆக, வாகரையிலிருந்தோ வவுணதீவிலிருந்தோ போகும் பெண் தன் பயணத்துக்கு முதலில் உழைப்பாலும், பின்னர் அவர் குடும்பம் வாங்கும் மாவிலும் மண்ணெண்ணெயிலும் உள்ள வரியாலும் இருமுறை விலை கொடுக்கிறார். தனியார்மயமாக்கலை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்த இரண்டாவது விலையைத் தத்தம் வாதங்களிற் சேர்த்துக்கொள்வது நன்று. 2024இல் புதிய அரசாங்கம் விற்பனை முயற்சியைக் கைவிட்டது. கடனை யார் சுமப்பதென்னும் கேள்வி அதனால் மறைந்துவிடவில்லை.

மட்டக்களப்பிலும் விமான நிலையம் இல்லாமலில்லை. நகரின் அண்மையில், வாவியோரத்தில் அமைந்த அது 1983இல் விமானப்படையின் கைக்குச் சென்றது. 2018 மார்ச்சில் மீண்டும் உள்நாட்டுச் சிவில் சேவைக்குத் திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதை சிறு ரக விமானங்களுக்கே போதுமானது. வந்திறங்குவோர் பெரும்பாலும் பாசிக்குடா செல்லும் உல்லாசப் பயணிகளும் அதிகாரிகளும். வளைகுடாவுக்குப் போகும் பெண் அந்நிலையத்தைக் கடந்து, முகவர் கொடுத்த கடதாசிகளுடன் இரவு பஸ்ஸில் ஏறி, வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை வழியாக ஏறக்குறைய 300 கிலோமீற்றர் சென்று விடியற்காலையில் கட்டுநாயக்கவில் இறங்குகிறார். அந்தப் பஸ் கட்டணம் எந்த நிறுவனத்தின் வருவாய்க் கணக்கிலும் அவருடைய பயணத்தின் ஒரு பகுதியாகப் பதியப்படுவதில்லை.