கையைக் காலை நீட்டி மடக்கினால் போதுமா?

"பிள்ளைக்குத் தலை இன்னும் நிக்கல" என்று ஐந்தாம் மாதத்தில் ஒரு தாய் கவலைப்பட்டால், வீட்டுப் பெரியவர்களிடம் பதில் தயாராக இருக்கும்: "அவங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்." அன்பால் சொல்லும் ஆறுதல்தான். ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு அந்த ஆறுதலில் ஓர் ஆண்டு போய்விடுகிறது. சில வீடுகளில் இரண்டு ஆண்டுகள்கூடப் போகின்றன. ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையே என்று மருத்துவமனைக்குத் தூக்கி வரும்போது, மூளை மிக வேகமாக வளரும் பருவத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கும்.

பெற்றோர்களும் மருத்துவர்களும் 'சிபி' என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த நிலை, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் கருவிலோ பிரசவத்தின்போதோ பிறந்த சில காலத்துக்குள்ளோ ஏற்படும் பாதிப்பால் வருகிறது. குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறியது, கட்டுக்கடங்காத மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கும் மேல் தசை இறுக்கமே முதன்மைச் சிக்கல். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அதன் பிறகு கூடுவதில்லை. உடல்தான் வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை. குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்பதும், தொடைகள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்வதும், இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல இடம் பெயர்வதும் இப்படித்தான் நேர்கின்றன.

இதற்கு மருந்து என்ன என்று கேட்டால், "பிசியோ பண்ணணும்" என்பார்கள். அந்த 'பிசியோ' என்னவாக இருக்க வேண்டும் என்பதில்தான் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. நம்முடைய பல வீடுகளுக்கும், சில மையங்களுக்கும்கூட, அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

நம் ஊரில் பலருக்குத் தெரிந்த பிசியோ இதுதான்: பாயில் பிள்ளையைப் படுக்கவைத்து, ஒரு பெரியவர் கையையும் காலையும் பிடித்து நீட்டி மடக்குவார். பிள்ளை வீறிட்டு அழும். "அழட்டும், அழுதாத்தான் சரியாகும்" என்பார்கள். வேலை செய்வதெல்லாம் பெரியவரின் கைகள்தான். பிள்ளையின் மூளை அந்த அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வது மிகக் குறைவு. கையால் சில நிமிடம் இழுத்துவிடுவதால் மட்டும் மூட்டு இறுகிப்போவதைத் தடுக்க முடிவதில்லை என்பதை ஆய்வுத் தொகுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தசை நீண்ட நேரம் நீண்ட நிலையில் இருக்க வேண்டுமானால் அதற்கு அடுத்தடுத்து மாற்றிப் போடும் மாவுக்கட்டும் கால் ஸ்ப்ளிண்ட்டும் வேண்டும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குத் தப்பி வந்த பெர்தா போபாத் என்ற உடற்பயிற்சி ஆசிரியையும், அவருடைய கணவரான மருத்துவர் காரெல் போபாத்தும் 1940களில் தொடங்கிய முறைதான் உலகெங்கும் பரவியது. சிகிச்சையாளர் தன் கைகளால் தசை இறுக்கத்தைத் தணித்து, இயல்பான அசைவுகளைப் பிள்ளையின் உடலில் வரவழைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. படுக்கையில் கிடக்கட்டும் என்று கைவிடப்பட்ட பிள்ளைகளின் பக்கம் உலகம் திரும்பிப் பார்த்ததில் அந்தத் தம்பதிக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் வழியில் வந்தவர்கள் பின்னர் பலவற்றை மாற்றியும் கொண்டார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் சக ஆய்வாளர்களும் 2013இல் சிபி சிகிச்சைகள் அனைத்தையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்கு நிறங்களில் தரம் பிரித்தபோது, அந்தப் பழைய வடிவத்துக்குப் பச்சை கிடைக்கவில்லை. பிள்ளை தானே முயன்று செய்யும் பயிற்சிகளுக்குத்தான் பச்சை கிடைத்தது.

பழைய முறைகள் பலவற்றில் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. தலை நின்ற பிறகுதான் உட்காரலாம், தவழ்ந்த பிறகுதான் நிற்கலாம் என்று வளர்ச்சியின் ஒவ்வொரு படியையும் வரிசையாகக் கடக்கச் சொன்னார்கள். நம் பிள்ளைத்தமிழிலும் செங்கீரை, சப்பாணி, வருகை என்று அந்த வரிசை அழகாக இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பொருந்தும். சிபி உள்ள குழந்தை தவழும் நாளுக்காக மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. தவழாமலே நிற்கப் பழகலாம். நிற்காமலே சக்கர நாற்காலியைத் தானே உருட்டிப் பள்ளிக்குப் போகலாம்.

தசை வலிமை பற்றிய எண்ணமும் மாறிவிட்டது. இறுகிய தசைக்குப் பளு கொடுத்தால் இறுக்கம் இன்னும் கூடும் என்று அஞ்சி, வலுவூட்டும் பயிற்சிகளை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் டயேன் டாமியானோ போன்றவர்கள் 1990களில் அந்த அச்சத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். இறுகிய தசை பலவீனமான தசையும்கூட. பளு கொடுத்தால் அதற்கு வலு கூடுகிறது, இறுக்கம் கூடுவதில்லை. 2006இல் டாமியானோ இயன்முறை மருத்துவர்களுக்கு எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே 'செயல்பாடு' என்ற சொல்லை மூன்று முறை அடுக்கினார். அந்தக் காலத்துக்கு அந்த வற்புறுத்தல் தேவையாக இருந்தது.

நெதர்லாந்தில் மார்யோலைன் கெட்டெலாரும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, வீடுகளுக்கு மிகவும் பயன்படக்கூடியது. பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு 'சரியான அசைவு' பழக்கப்பட்டது. மற்றொரு பிரிவினர் தங்களுக்கு அன்றாடம் தேவையான செயல்களையே நேரடியாகப் பழகினார்கள். அன்றாடச் செயல்களில் இரண்டாம் பிரிவினரே அதிகம் முன்னேறினார்கள். சட்டை போடப் பழக வேண்டுமானால் சட்டை போட்டுத்தான் பழக வேண்டும். தோளைத் தனியாகச் சுழற்றிக்கொண்டிருந்தால் சட்டை உடம்பில் ஏறாது. 2022இல் மிஷெல் ஜாக்மன் தலைமையில் பன்னாட்டு நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: இலக்கைப் பிள்ளையும் குடும்பமும் தேர்ந்தெடுக்கட்டும், செயலை முழுதாகச் செய்து பழகட்டும், அது நடக்க வேண்டிய இடத்திலேயே பழகட்டும், போதுமான அளவுக்குத் திரும்பத் திரும்பப் பழகட்டும்.

போதுமான அளவு எவ்வளவு? ஜாக்மன் குழுவின் முந்தைய ஆய்வு, கைகளால் செய்யும் ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்ட ஏறத்தாழ 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று கணக்கிட்டது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் மையத்துக்குப் போய்வரும் பிள்ளைக்கு 14 மணி நேரம் சேர அரை ஆண்டுக்கு மேலாகும். வீட்டில் தினமும் அரை மணி நேரம் என்றால் ஒன்றிரண்டு மாதத்தில் முடியும். அந்த அரை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்? தாழ்ந்த மணைப் பலகையில் உட்காரவைத்து, பிடித்த பொம்மையைக் கட்டில் மேல் வைத்தால், பிள்ளை எழுந்து நின்று எடுக்கும், மறுபடி உட்காரும், மறுபடி எழும். தொடைக்கும் இடுப்புக்கும் வலு சேர்க்க இதைவிட எளிய பயிற்சி கிடையாது. சுலபமாகிவிட்டால் இன்னும் தாழ்ந்த பலகை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து தெருவை வேடிக்கை பார்க்கலாம். நடைவண்டியின் முன்பக்கம் கொஞ்சம் எடை வைத்தால் அது சட்டென்று ஓடிவிடாது, பிள்ளை ஊன்றித் தள்ளும். பல்லாங்குழியில் சோழியை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவது விரல்களுக்குப் பயிற்சி (வாயில் போடும் வயதென்றால் வேண்டாம்). எதைச் செய்யலாம், எந்த அளவில் செய்யலாம் என்பதை இயன்முறை மருத்துவர் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகு அது குளியல், சாப்பாடு, விளையாட்டு என்று வீட்டின் நாளோடு கலந்துவிட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பாலாடையால் புகட்டும் பழக்கம், விழுங்கச் சிரமப்படும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து. உணவு நுரையீரலுக்குள் போய்விடலாம். தலையும் முதுகும் நிமிர்ந்திருக்கும்படி, தாங்கு கொடுத்து உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். மற்றொன்று, வலப்பக்கம் பாதிக்கப்பட்ட பிள்ளை இடக்கையால் சாப்பிடும்போது, "அது பீச்சாங்கைடா" என்று பாட்டி தட்டிவிடுவது. தயவுசெய்து வேண்டாம். அந்தக் கை பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் சோறு ஊட்டப்போகும் கை. பலவீனமான கைக்குத் தனியாக நேரம் ஒதுக்கலாம். நல்ல கையில் மெத்தென்ற உறை மாட்டி, விளையாட்டின் வழியே மற்றக் கையை வேலை வாங்கும் முறைக்கும், இரு கைகளையும் சேர்த்தே பழக்கும் முறைக்கும் வலுவான சான்று இருக்கிறது. சோற்று நேரத்தை மட்டும் தண்டனை நேரமாக்கக் கூடாது.

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "நடப்பானா டாக்டர்?" என்பதுதான். இதற்கு மழுப்பலில்லாத விடை சொல்ல ஒரு கருவி இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 1997இல் சிபி பிள்ளைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாக வகுத்தது. முதல் நிலைப் பிள்ளை தடையின்றி நடக்கும், ஓடும். ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிறுத்தவே உதவி வேண்டும். வளர்ந்த நாடுகளில் சிபி உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேர் துணையோடோ துணையில்லாமலோ நடக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்துவிட்ட பிள்ளை நடப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் பிள்ளை எந்த நிலை என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை. பலருக்கு அது சொல்லப்படுவதே இல்லை. சொல்லாததால், நடக்கவே வாய்ப்பில்லாத பிள்ளையை ஆண்டுக்கணக்கில் நடக்கவைக்கப் பாடுபட்டு, அது தன் தேவையைச் சொல்லவும் நாற்காலியில் வசதியாக உட்காரவும் பழக வேண்டிய நாட்களை இழக்கிறோம்.

ஐந்தாம் நிலைப் பிள்ளைக்கும் பயிற்சி உண்டு. தாங்கு சட்டத்தில் நிற்பதும், முகம் திருப்பி அம்மாவைப் பார்ப்பதும், ஒரு பொத்தானை அழுத்திப் பாட்டுக் கேட்பதும் அதன் வெற்றிகள். அத்தகைய பிள்ளைகளுக்கு இடுப்பு எக்ஸ்ரே குறித்த காலத்தில் எடுத்தே ஆக வேண்டும். மெல்போர்னில் நடந்த ஓர் ஆய்வில், முதல் நிலைப் பிள்ளைகள் யாருக்கும் இடுப்பு மூட்டு விலகவில்லை. ஐந்தாம் நிலையில் 90 சதவீதம் பேருக்கு விலகியிருந்தது. வலி வந்த பிறகு தெரிந்துகொள்வது தாமதம். சுவீடன் 1994 முதல் சிபி பிள்ளைகளைப் பதிவு செய்து இடுப்பைக் கண்காணித்து, முழுதாக மூட்டு நழுவுவதை அரிதாக்கிக் காட்டியிருக்கிறது. எக்ஸ்ரே எடுக்க நம் மாவட்ட மருத்துவமனைகளில் வசதி இருக்கிறது. நினைவூட்ட ஆள்தான் இல்லை.

இதற்கிடையில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பான் என்று நிலத்தையும் நகையையும் விற்கவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, சிபிக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. முறையாக அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம், அதற்குப் பெற்றோரிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

இந்தப் பாடெல்லாம் கடைசியில் யார் தலையில் விழுகிறது? அம்மாவின் தலையில். "நீ சரியா எக்ஸர்சைஸ் செய்யல" என்று மையத்திலும், "நீ கர்ப்பத்துல என்ன செஞ்சியோ" என்று வீட்டிலும் அவளையே குற்றம் சொல்கிறோம். சிக்மண்ட் ஃபிராய்டு நரம்பு மருத்துவராக இருந்த 1890களிலேயே, பல பிள்ளைகளுக்குப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று எழுதினார். இன்றைய மருத்துவமும் அதையே ஒப்புக்கொள்கிறது. அம்மாவின் தவறு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வளரும் பிள்ளையைத் தூக்கித் தூக்கி அவள் முதுகு ஒடிகிறது. அப்பா ஒரு வேளை ஊட்டட்டும், தாத்தா சோழி விளையாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், அண்ணன் நடைவண்டியோடு போகட்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடிகள் உண்டு. சிபி உள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். தென்காசி பக்கம் ஆய்க்குடியில், கல்லூரி நாளில் கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் பயிற்சியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்துக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. அவர்கள் பிள்ளையின் முன்னேற்றத்தைக் கைக்கணினிச் செயலியில் பதிகிறார்கள், இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் அதைப் பார்த்து வழிநடத்துகிறார்கள். பேருந்து ஏறி நகரத்துக்கு வர முடியாத குடும்பத்துக்கு இதுவே சரியான வடிவம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மூலம் 2021 முதல் பெரியவர்களின் வீடு தேடி இயன்முறை மருத்துவர்களை அனுப்பும் அரசு, சிபி பிள்ளைகளின் வீடுகளையும் அதே முறையோடு தேடிப் போக வேண்டும்.

நாலு மாதம் கடந்தும் தலை நிற்காத குழந்தை, கை முட்டியாகவே இறுகியிருக்கும் குழந்தை, ஒன்பது மாதமாகியும் உட்காராத குழந்தை, முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தை உங்கள் தெருவில் இருந்தால், காத்திருக்கச் சொல்லாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு, 'டிஇஐசி' என்று கேட்டு, இந்த வாரமே அழைத்துப் போகச் சொல்லுங்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.