பெரிய டிவியா, புரொஜெக்டரா? இன்ச் பார்க்கும் முன் ஹால் லைட்டைப் பாருங்க!

போன தீபாவளிக்கு போனஸ் வந்ததும், ஊரில் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெரிய திரை வாங்கிக் கொடுக்கணும்னு முடிவு பண்ணினேன். ஆன்லைனில் தேடினால், 55 இன்ச் டிவி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கே ஒரு புரொஜெக்டர். அட்டைப் பெட்டியில் ‘9,000 லுமன்ஸ், 4கே சப்போர்ட், 150 இன்ச் தியேட்டர்’ என்று போட்டிருந்தது. யோசிக்கவே இல்லை, வாங்கியாச்சு. பழைய 32 இன்ச் டிவியை அத்தை வீட்டுக்கும் கொடுத்தாச்சு.

ஹால் சுவரில் படம் விழுந்ததும் எல்லோரும் ‘அட!’ என்றார்கள். ஐந்து நிமிஷம்தான். அம்மா எழுந்து வந்து டியூப் லைட்டைப் போட்டார். படம் சுவரோடு சுவராகக் கரைந்துபோனது. “கீரை ஆயணுமே, இருட்டுல எப்படி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என்னைப் போல நீங்களும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதனால், வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லைட் போட்டால் படம் ஏன் வெளுக்கிறது?

டிவி தானே ஒளி விடும் திரை. கருப்பு வேண்டிய இடத்தில் ஒளியை அடைத்துவிடும், அல்லது அணைத்துவிடும். புரொஜெக்டரோ சுவரின் மேல் ஒளியை வீசுகிறது. கருப்பு நிறத்தில் ஒளி என்று ஒன்று கிடையாது. ஆக, புரொஜெக்டர் காட்டும் ‘கருப்பு’ என்பது ஒளி விழாத சுவர்தான். லைட் எரியும்போது உங்கள் சுவர் என்ன நிறமோ, அதுதான் படத்தின் கருப்பு. ராத்திரி சண்டைக் காட்சியில் ஹீரோவும் தெரியாது, வில்லனும் தெரியாது. சுவரில் அடித்த ரோஸ் கலர் பெயின்ட்தான் தெரியும்.

இன்னொன்று, படம் பெரிதாகும்போது அதே ஒளி அதிக இடத்தில் பரவ வேண்டும். 50 இன்ச் படத்தை 100 இன்ச் ஆக்கினால் பரப்பளவு நான்கு மடங்கு. பிரகாசம் நான்கில் ஒரு பங்கு.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். திரையின் பிரகாசத்தை ‘நிட்ஸ்’ என்ற அலகில் அளக்கிறார்கள். சாதாரண எல்இடி டிவி 250 முதல் 300 நிட்ஸ் வரை தரும். 300 ஆன்சி லுமன்ஸ் உள்ள புரொஜெக்டரை 100 இன்ச்சில் போட்டால் கிடைப்பது சுமார் 35 நிட்ஸ்தான். ‘அவ்வளவு மோசமா?’ என்று கேட்காதீங்க. தியேட்டர் திரைக்கான தரநிலையே 48 நிட்ஸ்தான். தியேட்டரில் படம் நன்றாகத் தெரியக் காரணம் புரொஜெக்டர் மட்டுமல்ல, இருட்டும்தான். அந்த இருட்டை உங்கள் ஹாலில் தினமும் உருவாக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

எல்லாவற்றையும் நம்ப முடியாது. பெட்டியில் வெறும் ‘லுமன்ஸ்’ என்று இருந்தால், அது உள்ளே இருக்கும் விளக்கின் ஒளியாக இருக்கலாம், வெறும் விளம்பர எண்ணாகவும் இருக்கலாம். லென்ஸ் வழியாக வெளியே வரும் ஒளியை முறைப்படி அளந்து சொல்வது ‘ஆன்சி லுமன்ஸ்’ அல்லது ‘ஐஎஸ்ஓ லுமன்ஸ்’. ‘9,000 லுமன்ஸ்’ என்று விற்கும் பெட்டி, ஆன்சி கணக்கில் சில நூறுகளைத் தாண்டாமல் போகலாம்.

‘4கே சப்போர்ட்’ என்பதும் அப்படித்தான். 4கே வீடியோவை அது வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். சுவரில் விழுவது ஹெச்டியோ ஃபுல் ஹெச்டியோதான். ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ற வரியைத் தேடுங்க. 1920 x 1080க்குக் கீழே இருந்தால், பெரிய படத்தில் எழுத்துகள் உடைந்து தெரியும்.

அடுத்து ஓடிடி. விலை குறைந்த பல புரொஜெக்டர்களுக்கு நெட்ஃப்ளிக்ஸ் போன்ற ஆப்களின் முறையான அனுமதி இருப்பதில்லை. ‘வைட்வைன் எல்1’ என்ற பாதுகாப்புச் சான்றும் இல்லாவிட்டால், ஹெச்டிக்குப் பணம் கட்டியும் மங்கலான எஸ்டி தரத்தில்தான் படம் ஓடும். தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் இது தீரும். ஆனால் அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கணும்.

உங்கள் ஹாலுக்கு எத்தனை இன்ச் சரி?

பார்க்கும் தூரம், திரையின் மூலைவிட்ட அளவைப் போல 1.2 முதல் 1.6 மடங்கு வரை இருந்தால் வசதி. சோபாவில் இருந்து சுவர் வரை 8 அடி, அதாவது 96 இன்ச் என்றால், 60 முதல் 80 இன்ச் வரையான திரை போதும். 65 இன்ச் அல்லது 75 இன்ச் டிவியே இதற்குள் அடங்கிவிடும். 100 இன்ச்சுக்குக் குறைந்தது 10 அடி தூரம் வேண்டும். சாவகாசமாகப் பார்க்க 13 அடி.

புரொஜெக்டரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ‘த்ரோ ரேஷியோ’ 1.2 என்று இருந்தால், 100 இன்ச் படத்துக்குச் சுவரில் இருந்து சுமார் எட்டே முக்கால் அடி தள்ளி வைக்கணும். சின்ன ஹாலில் அது நடுவில் உள்ள டீப்பாய் மேல்தான் வரும். தண்ணி எடுக்க யார் எழுந்தாலும் அவர்களின் தலையும் படத்தில் நடிக்கும். சீலிங்கில் மாட்டலாம்தான், ஆனால் வாடகை வீட்டில் துளை போட ஓனர் சம்மதிக்கணும். சாய்வாக வைத்து ‘கீஸ்டோன்’ வசதியில் சரிசெய்தால், படத்தின் கூர்மை கொஞ்சம் குறையும்.

சுவரை ஒட்டியே வைக்கக்கூடிய லேசர் புரொஜெக்டர்களும் இருக்கின்றன. ஓரளவு வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கான சிறப்புத் திரையையும் சேர்த்தால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும்.

செலவுக் கணக்கு என்ன சொல்கிறது?

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும், புரொஜெக்டர்களுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆக, வரியைப் பொறுத்தவரை இரண்டும் சமம். வித்தியாசம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. புரொஜெக்டர் என்றால் வெள்ளைத் திரை, ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை, தனி ஸ்பீக்கர், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், கேபிள் சேனல் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸ் இணைப்பு. டிவியில் இதில் பாதி தேவையில்லை.

ஆயுளையும் கேட்டுக்கோங்க. பழைய வகை விளக்குப் புரொஜெக்டரில் விளக்கு 3,000 முதல் 5,000 மணி நேரம்தான் வரும். தினமும் 4 மணி நேரம் பார்த்தால் 4,000 மணி நேரம் மூன்று வருஷத்துக்குள் முடிந்துவிடும். எல்இடி, லேசர் வகைகளில் 20,000 மணி நேரம் வரை சொல்கிறார்கள். ஆனால் விலை குறைந்த மாடல்களில் உள்ளே தூசி போய்ப் படத்தில் புள்ளி விழுவது உண்டு. வாங்கும் முன் சர்வீஸ் சென்டர் எங்கே என்று விசாரிப்பது நல்லது.

சரி, யாருக்கு எது?

டிவி வாங்குங்க: காலையில் செய்தி, மாலையில் சீரியல், மதியம் 3.30 மணி ஐபிஎல் மேட்ச் என்று லைட்டும் வெயிலும் இருக்கும்போதே வீட்டில் பார்ப்பார்கள் என்றால். பெரியவர்கள் ஒரே ரிமோட்டில் ஆன் பண்ணிப் பார்க்கணும் என்றால்.

புரொஜெக்டர் வாங்குங்க: நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ராத்திரியில், இருட்டாக்கக்கூடிய அறையில், முழுப் படமாக என்றால். அடிக்கடி வீடு மாறுபவர் என்றாலும் இது வசதி. 65 இன்ச் டிவியை மூன்றாவது மாடிக்கு ஏற்றுவதைவிட, புரொஜெக்டரை பேக்பேக்கில் போட்டுக்கொண்டு போவது சுலபம்.

இன்னும் குழப்பமா? இந்த மூன்றையும் செய்து பாருங்க.

1. ஒரு வாரம், வீட்டில் யார் எப்போது டிவி பார்க்கிறார்கள், அப்போது லைட் எரிகிறதா என்று குறித்து வையுங்க. பாதிக்கு மேல் லைட் எரிந்தால், டிவிதான்.

2. சுவரில் 7 அடி 3 இன்ச் அகலம், 4 அடி 1 இன்ச் உயரத்துக்குப் பழைய நாளிதழ்களை ஒட்டுங்க. அதுதான் 100 இன்ச். சோபாவில் உட்கார்ந்து பார்த்தாலே அது தேவையா, தொல்லையா என்று தெரிந்துவிடும்.

3. கடையில் புரொஜெக்டரை இருட்டு அறையில்தான் காட்டுவார்கள். ‘அண்ணா, லைட்டைப் போடுங்க’ என்று சொல்லிவிட்டு அப்புறம் பாருங்க.

எங்கள் வீட்டுக் கதை எப்படி முடிந்தது தெரியுமா? பொங்கலுக்கு இஎம்ஐ போட்டு 55 இன்ச் டிவி வாங்கிக் கொடுத்தேன். முதலிலேயே அதை வாங்கியிருந்தால், புரொஜெக்டர் காசு மிச்சம். அந்தப் புரொஜெக்டர் இப்போது சென்னையில் என் வாடகை ரூமில், 60 இன்ச் அளவில், ராத்திரி பத்து மணிக்கு மேல் அருமையாக ஓடுகிறது. அங்கே கீரை ஆய யாரும் இல்லை.

திரையை மட்டும் பார்த்து வாங்கினேன். அதை யார், எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார்கள் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஆர்டர் பட்டனைத் தட்டும் முன், நீங்க கேட்டுடுங்க.